எல்லையோரத் தமிழ் மாணவர்கள் கொடையாளர் உதவித்தொகை பெறுவது எப்படி?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கத்துத் தமிழ் வீடுகளில் கல்லூரியின் பெயருக்கு முன்பே கட்டணத்தின் பேச்சு வந்துவிடுகிறது. என் தம்பியின் பொறியியல் படிப்புக்காகக் கொடையாளர்களின் உதவியைத் தேடி, அக்ஷயா மையம் (கேரள அரசின் இணையச் சேவை மையம்), வில்லேஜ் ஆபீஸ், வங்கி, கோயம்புத்தூரில் அவன் சேர்ந்த கல்லூரி என்று அலைந்து, கடைசியில் அதைப் பெற்றவள் நான். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். எந்தத் தாளை எந்த மாதத்தில் வாங்கி வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். கொடுக்க மனமுள்ளவர்கள் நிறையவே இருக்கிறார்கள். பெயர் பொருந்தாத தாளும் தவறிப்போன தேதியும்தான் நம் பிள்ளைகளை அவர்களிடம் போய்ச் சேரவிடாமல் தடுக்கின்றன. இந்த ஊர்கள் உள்ள சித்தூர் தாலுக்காவை மனத்தில் வைத்து இதை எழுதினாலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு தோட்டப் பகுதிகளில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

1. யாருடைய பணம், எப்போது வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொடையாளர் பணம் மூன்று வழியாக வருகிறது. முதலாவது, நிறுவனங்கள் தருவது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அந்தப் பணிகளில் ஒன்று. இரண்டாவது, தனிமனிதர்களிடம் நன்கொடை திரட்டி மாணவர்களுக்குக் கொடுக்கும் டிரஸ்டுகள். மூன்றாவது, கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் உள்ள என்டோவ்மென்ட். முன்னாள் மாணவரோ ஓர் ஆசிரியரின் குடும்பமோ ஒரு தொகையை வைப்புநிதியாகப் போட்டிருப்பார்கள். அந்த அசல் தொகையைத் தொடாமல் அதன் வட்டியை மட்டும் ஆண்டுக்கொரு முறை கொடுப்பார்கள். தொகை சிறியதாக இருந்தாலும் அதைக் கேட்டு வருபவர்கள் குறைவு. சேர்ந்த மாதத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

முதல் இரண்டு வகையினரும் மார்ச் 31க்குள் கணக்கை முடித்துத் தணிக்கைக்குக் காட்ட வேண்டியவர்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர்கள் தாள் கேட்பது நம்மேல் உள்ள சந்தேகத்தால் அல்ல என்பது புரிந்துவிட்டால் பாதிச் சலிப்பு போய்விடும். பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை விண்ணப்பம் வாங்கி, அதன்பின் தேர்வு செய்து, டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பணம் அனுப்புகிறார்கள். கல்லூரியோ ஜூனிலும் ஜூலையிலும் கட்டணம் கேட்கும். ஆகவே அட்மிஷன் கட்டணத்துக்கு இந்தப் பணத்தை நம்பி இருக்காதீர்கள். அதற்கான வழியை ஒன்பதாம் படியில் சொல்கிறேன்.

2. முடிவு வருவதற்கு முன்பே பெயரைச் சரிசெய்யுங்கள்

எல்லையோரத்தில் விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு நான் கண்ட முதற்காரணம் பெயர்தான். முருகேசன் என்பவரின் மகள் கவிதா என்று வைத்துக்கொள்வோம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பெயருக்குப் பின்னால் இனிஷியலோடு 'கவிதா எம்.' என்று இருக்கும். ஆதாரில் இனிஷியல் முன்னால் வந்து 'எம் கவிதா' ஆகியிருக்கும். வங்கிப் பாஸ்புக்கில் 'கவிதா முருகேசன்' என்றும், ரேஷன் கார்டில் அப்பாவின் பெயர் 'முருகேஷ்' என்றும் இருக்கும். பழனிச்சாமி, அழகப்பன் போன்ற பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு: ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்குத் தமிழ்நாட்டு அலுவலகங்களில் பெரும்பாலும் ஓர் எழுத்தும், கேரளத்து அலுவலகங்களில் இரண்டு எழுத்துகளும் போடுவார்கள். அப்பா பொள்ளாச்சியில் ஆதார் எடுத்து, பிள்ளை கொழிஞ்சாம்பாறையில் படித்திருந்தால், இரு தாள்களிலும் இரு வேறு மனிதர்கள் இருப்பதாகவே கணினி எடுத்துக்கொள்ளும்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் திருத்துவதுதான் இவற்றில் மிகக் கடினம். எனவே அதில் உள்ள பெயரை அப்படியே அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஆதாரையும் பாஸ்புக்கையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயர் திருத்த, 2025 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள கட்டணம் 75 ரூபாய். வாழ்நாளில் இரண்டு முறைதான் பெயரை மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறைதான்; ஆகவே மையத்தில் அச்சிட்டுத் தரும் ஒப்புகைச் சீட்டில் ஒவ்வோர் எழுத்தையும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். அவசரப்படுத்தினால், "சேச்சி, ஒரு நிமிஷம், இனிஷியலுக்கு நடுவுல புள்ளி வருதான்னு பாத்துக்கறேன்" என்று சொல்லி நிறுத்தத் தயங்க வேண்டாம்.

அப்பா, அம்மா பெயர்களில் உள்ள வேறுபாட்டை எல்லாத் தாள்களிலும் திருத்த நேரமிருக்காது. அதற்கென்றே கேரள வருவாய்த் துறை 'ஒன் அண்ட் சேம்' என்ற சான்றிதழைத் தருகிறது. இந்த இரண்டு பெயர்களும் ஒரே ஆளுடையவை என்று வில்லேஜ் ஆபீசர் சான்றளிப்பது அது. அக்ஷயா மையத்தில் இ-டிஸ்ட்ரிக்ட் என்ற அரசு இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். தாய் தந்தை இருவருக்கும் தனித்தனியாக வாங்கி வைத்துவிடுங்கள். படிப்பு முடியும் வரை பயன்படும்.

3. வருமானச் சான்றிதழை ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்குங்கள்

கேரளத்தில் வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும். ஆனால் கொடையாளர்களில் பலர் நடப்பு நிதியாண்டில் வாங்கியதைத்தான் ஏற்பார்கள். பிப்ரவரியில் வாங்கியதைக் கொடுத்தால், செல்லுபடியாகும் காலம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் வாங்குவதே நல்லது. ஜூனில் வில்லேஜ் ஆபீஸ் முழுவதும் அட்மிஷன் கூட்டம்தான்.

ரேஷன் கார்டு, நில வரி ரசீது, கூலி அல்லது சம்பளச் சான்று ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். ரேஷன் கார்டில் போட்டிருக்கும் மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். சான்றிதழில் வரும் தொகையும் இதுவும் வெகுதூரம் விலகி இருந்தால் கேள்வி வரும். அண்ணனோ அப்பாவோ திருப்பூரில் வேலை செய்கிறார் என்றால் அந்த வருமானத்தை மறைக்காதீர்கள். பின்னால் சரிபார்க்கும்போது வங்கிக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும், அதோடு உதவியும் நின்றுபோகும்.

சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் டிரஸ்ட் அலுவலகத்தில் மலையாளத்தில் உள்ள சான்றிதழைப் படிக்க ஆளிருக்காது. வெளிமாநிலத் தேவைக்கு என்று குறிப்பிட்டு, ஆங்கிலத்தில் கேளுங்கள். மலையாளத்தில் மனு எழுத வராதவர்கள் அதற்காகப் பின்வாங்க வேண்டாம். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமை நமக்கு உண்டு.

செலவைப் பொறுத்தவரை, அக்ஷயா மையத்தில் சேவைக் கட்டணப் பலகை இருக்கும். அதன்படி மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்கள். சான்றிதழ்களுக்கு ஆகும் பணம் பெரிதல்ல. தென்னந்தோப்பு வேலைக்குப் போகாமல் அப்பா இழக்கும் நாள்கூலிதான் பெரிய செலவு. அதனால் எல்லாச் சான்றிதழ்களுக்கும் ஒரே நாளில் விண்ணப்பித்துவிடுங்கள்.

4. சாதிச் சான்றிதழுக்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து 1950 ஆகஸ்ட் 10க்குப் பிறகு கேரளத்துக்கு வந்த பட்டியல் சாதிக் குடும்பங்கள், அந்தச் சாதி கேரளப் பட்டியலில் இருந்தாலும், பூர்வீக மாநிலத்தின் பட்டியல் சாதியினராகவே கருதப்படுகின்றன. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்குச் சான்றிதழ் கிடைப்பதில் உள்ள இழுபறி இதனால்தான். அரசு உதவித்தொகைக்கு இது இன்றியமையாதது. அந்த முயற்சியைத் தாலுக்கா ஆபீசில் தனியாகத் தொடருங்கள். தனியார் கொடையாளர்களில் பெரும்பாலோர் வருமானத்தையும் மதிப்பெண்ணையும்தான் பார்க்கிறார்கள். சாதிச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருந்து கடைசித் தேதியை விட்டுவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது மனத்தை அறுக்கிறது.

5. வங்கிக் கணக்கைச் சோதியுங்கள்

பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கு அப்படியே உதவாது. பதினெட்டு வயதானதும் வங்கிக்குப் போய், மைனர் கணக்கைச் சொந்தக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லையென்றால் கணக்கு செயலற்றதாகிவிடும். முழு ஆவணங்கள் இல்லாமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க முடியாது. இருப்பும் 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரே தவணையில் வரும் உதவித்தொகை இந்த வரம்பில் முட்டித் திரும்பிப் போய்விடலாம். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கிகளிலும் உண்டு. மாணவரின் பெயரிலேயே, ஆதாருடன் இணைத்துத் திறந்துகொள்ளுங்கள். அப்பாவின் கணக்கைப் பெரும்பாலான கொடையாளர்கள் ஏற்பதில்லை.

6. உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் தேர்ந்தெடுங்கள்

கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பிப்பதைவிட, தகுதி வரியை இரண்டு முறை படித்துவிட்டு நான்கைந்துக்கு ஒழுங்காக விண்ணப்பிப்பது பலன் தரும்.

வித்யாதன் என்பது எஸ்.டி. ஷிபுலால், குமாரி ஷிபுலால் குடும்பத்தின் சரோஜினி தாமோதரன் பவுண்டேஷன் நடத்துவது. இதில் பலரும் தவறவிடும் செய்தி, தேர்வு பத்தாம் வகுப்பு முடிந்தவுடனேயே நடக்கிறது என்பதுதான். ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; மதிப்பெண்ணும் மிக உயர்ந்ததாக இருக்க வேண்டும். தேர்வானால் பிளஸ் ஒன்னிலும் பிளஸ் டூவிலும் ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரும். நன்றாகப் படித்தால் பட்டப்படிப்புக்கும் உதவி தொடரும். ஆகவே வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இப்போதே கவனியுங்கள்.

ரிலையன்ஸ் பவுண்டேஷன் இளநிலை உதவித்தொகை ஆண்டுதோறும் 5,000 முதலாண்டு மாணவர்களுக்கு, படிப்புக் காலம் முழுவதற்குமாக இரண்டு லட்சம் ரூபாய் வரை தருகிறது. பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும். குடும்ப வருமானம் 15 லட்சம் வரை இருக்கலாம் என்றாலும், இரண்டரை லட்சத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கே முன்னுரிமை. கலை, அறிவியல், வணிகவியல் என எந்தப் பாடமும் படிக்கலாம் என்பது இதன் பெரிய நன்மை. தமிழ் இலக்கியம் படிக்கும் பிள்ளைக்கும் இது உண்டு. இணையவழித் திறனறித் தேர்வு எழுத வேண்டும். சில ஆண்டுகளாக அக்டோபர் முதற்பாதியில் விண்ணப்பம் முடிந்திருக்கிறது. முதலாண்டைத் தாண்டிவிட்டால் இந்த வாய்ப்பு இல்லை.

பெண் பிள்ளைகள் பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பில் முதலாண்டு சேர்ந்திருந்தால், கோடக் கன்யா உதவித்தொகை ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை தருகிறது. குடும்ப வருமானம் ஆறு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஃபெடரல் வங்கியின் ஹோர்மிஸ் நினைவு உதவித்தொகை கேரளத்தவருக்கும் தமிழ்நாட்டவருக்கும் திறந்திருப்பதால் எல்லையோரப் பிள்ளைகளுக்கு ஏற்றது. பொறியியல், மருத்துவம், செவிலியர் போன்ற படிப்புகளில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு அது உரியது. 1994இல் தொடங்கப்பட்ட ஃபவுண்டேஷன் ஃபார் எக்ஸலன்ஸ் பொறியியல், மருத்துவ மாணவர்களுக்குக் கொடையாளர்களின் உதவியோடு வழிகாட்டிகளையும் ஏற்பாடு செய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்தக் கதவுகளில் பெரும்பாலானவை மூடிக்கொள்ளும். கவுன்சிலிங்கில் கிடைத்த கல்லூரி சற்றுப் பெயர் குறைந்ததாக இருந்தாலும், உதவித்தொகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று, நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்து ஆசைப்படும் அகரம் பவுண்டேஷனின் விதைத் திட்டம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்து நடப்பது. தமிழ்நாட்டு அரசின் புதுமைப் பெண் திட்டமும் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களுக்கே உரியது. கேரளப் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தாலும் இவற்றுக்குத் தகுதி வராது. வேலந்தாவளத்தைத் தாண்டினால் கல்லூரி வந்துவிடும், உரிமை கூடவே வராது.

விண்ணப்பக் கட்டணம், பிராசசிங் கட்டணம் என்று யார் கேட்டாலும் விலகிவிடுங்கள். உதவி செய்ய வருபவர் உங்களிடம் பணமோ ஓ.டி.பி.யோ கேட்கமாட்டார். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

7. கல்லூரியில் வாங்க வேண்டியவை

அந்தக் கல்லூரியில் படிப்பதை உறுதிசெய்யும் போனபைடு சான்றிதழ், படிப்பு முழுவதற்குமான கட்டண விவரம், கட்டிய ரசீதுகள், எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தீர்கள் என்பதற்கான அலாட்மென்ட் தாள் ஆகிய நான்கும் எல்லாரும் கேட்பவை. கட்டண விவரம் கல்லூரியின் கடிதத்தாளில், முத்திரையும் கையெழுத்தும் தேதியும் கொண்டதாக இருக்க வேண்டும். விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணங்களைத் தனித்தனி வரியில் போடச் சொல்லுங்கள். சில கொடையாளர்கள் கல்விக் கட்டணத்தை மட்டும் தருவார்கள், சிலர் விடுதிக்கும் தருவார்கள். மொத்தமாக ஒரே தொகை போட்டிருந்தால் விடுதிப் பணத்தை இழந்துவிடுவீர்கள்.

தேசிய உதவித்தொகை இணையதளத்தையும் பயன்படுத்துகிறவர்கள், கல்லூரி கோயம்புத்தூரில் இருந்தாலும் சொந்த மாநிலம் என்ற இடத்தில் கேரளத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். மத்திய அரசின் இளநிலை உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆனால் அதைப் பெறுபவர் வேறு உதவித்தொகை பெறக் கூடாது என்பது நிபந்தனை. தனியார் கொடையாளர் தருவது அதைவிடப் பெரிதாக இருந்தால், எதை விடுவது என்று கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒன்றை மறைத்து இரண்டையும் வாங்காதீர்கள்.

8. வீட்டுக்கு வருபவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்

சில டிரஸ்டுகள் தொலைபேசியில் பேசும்; சில, தன்னார்வலர் ஒருவரை வீட்டுக்கே அனுப்பும். இதை எந்தப் படிவமும் சொல்லித்தராது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்தபோது நானும் உடனிருந்தேன். அந்த அம்மா பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து போட்டார்; பால் வாங்கி வரச் சொல்லி டீ போட்டார்; மகளுக்குக் கடையில் எடுத்த புதுச் சுடிதாரை உடுத்திவிட்டிருந்தார். "வீட்டுல கஷ்டம் ஏதாவது இருக்குங்களாம்மா?" என்று வந்தவர் கேட்டதும், "எங்களுக்கு ஒண்ணும் கொறையில்லீங்க கண்ணு, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். தோப்பு வேலை மாதத்தில் பாதி நாள்தான் கிடைக்கிறது, நகை வட்டிக் கடையில் இருக்கிறது என்பதை நான் எடுத்துச் சொன்ன பிறகுதான் வந்தவரின் பேனா நகர்ந்தது.

விருந்தினர் முன் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அவர் உறவுமுறையில் வந்தவர் அல்லர். கொடுப்பவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கடன் சீட்டு, மருத்துவச் செலவு ரசீது, மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வையுங்கள். அம்மாவிடம் முந்தின நாளே பேசி வையுங்கள். மாணவரிடம் அவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்றுதான்: ஏன் இந்தப் படிப்பு, பணம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய், படித்து முடித்து என்ன செய்வாய். ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் பேசலாமா என்று கேளுங்கள். மறுத்தவர்களை நான் பார்த்ததில்லை. கஷ்டத்தைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம், அது உடனே தெரிந்துவிடும்.

9. பணம் வரும்வரை சமாளிப்பது

கட்டணத்துக்குத் தவணை கேட்டு முதல்வருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்ததற்கான ஒப்புகையையும், தேர்வாகிவிட்டால் தேர்வுக் கடிதத்தையும் இணையுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் அலுவலர் மாறியதும் அது மறந்துபோகும். பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் முன்னாள் மாணவர் சங்கத்திலும் அவசர நிதி உண்டா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். அதிக வட்டிக்குக் கடன் வாங்கினால், மார்ச்சில் வரும் உதவித்தொகையின் பெரும்பங்கு வட்டிக்கே போய்விடும்.

10. இரண்டாம் ஆண்டிலிருந்து

புதுப்பித்தலுக்கு ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண் பட்டியல், கட்டண ரசீது, புது வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். அரியர் விழுந்தால் மறைக்காமல், எந்தத் தேர்வில் எழுதி முடிப்பீர்கள் என்பதைச் சொல்லிக் கடிதம் எழுதுங்கள். ஒரு வாய்ப்புத் தருபவர்கள் உண்டு. கைபேசி எண்ணை மாற்றினால் அன்றைக்கே தெரிவியுங்கள். பழைய எண்ணுக்குக் குறுஞ்செய்தி போய், பதில் வராததால் உதவி நின்றுபோன பிள்ளை எங்கள் ஊரிலேயே இருக்கிறாள்.

பணத்தோடு வழிகாட்டி ஒருவரையும் தருவார்கள் என்றால் அவரை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். உதவி வந்த பிறகு என் தம்பி சாயங்காலம் பெட்ரோல் பங்கில் நிற்பதை விட்டான். அந்த நேரத்தில் என்ன படிப்பது, எந்தத் தேர்வுக்குத் தயாராவது என்று சொல்லிக் கொடுத்தவர் அவனுக்கு அமைந்த வழிகாட்டிதான். அரியர் பாடங்களை அவன் முடித்தது அதற்குப் பிறகு.

கொடையாளருக்கு ஆண்டுக்கு ஒரு கடிதமாவது எழுதுங்கள். நன்றியை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அந்தப் பணம் எதற்குப் போனது, எந்த வேலையை விட முடிந்தது, எந்தப் பாடத்தில் மதிப்பெண் ஏறியது என்பதை எழுதுங்கள். அடுத்த ஆண்டு எத்தனை மாணவர்களை எடுப்பது என்று அவர்கள் பேசும்போது கையில் வைத்துக்கொள்வது இத்தகைய கடிதங்களைத்தான். தமிழிலேயே எழுதலாம். மதிப்பெண் பட்டியலோடு சேர்த்து ஒரே கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பி, அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள். புதுப்பிக்கும்போது அனுப்பிய தேதியைக் கேட்பார்கள்.